பால்மரக் காட்டில் கருவுற்ற தாய்மார்: கெடா தோட்டங்களின் நூறாண்டு

மலேசியாவின் கெடா மாநிலத் தோட்டத் தொழிலாளர்களின் வரலாறு கப்பல் பயணம், கங்காணி முறை, கூலிப் போராட்டம், தோட்டத் துண்டாடல் ஆகியவற்றைச் சுற்றியே பெரும்பாலும் எழுதப்பட்டு வந்துள்ளது. வயிற்றில் பிள்ளையோடு ரப்பர்ப் பால்மரம் வெட்டிய பெண்கள் எதை உண்டார்கள், எந்த நீரோடையின் அருகே குடியிருந்தார்கள், பேற்றுக்கு முன்னும் பின்னும் எத்தனை நாள் கத்தியைக் கீழே வைக்க முடிந்தது என்பவை அந்த வரலாற்றின் ஓரத்திலேயே நின்றுவிட்டன. கருவிலிருக்கும் குழந்தையின் மூளை தாயின் இரத்தத்தையும் உணவையும் ஓய்வையும் கொண்டே உருவாகிறது என்பதைக் கடந்த ஒரு நூற்றாண்டு மருத்துவ அறிவு உறுதிப்படுத்தியிருப்பதால், ஓரத்தில் நின்ற அந்தச் செய்திகளை நடுவே கொண்டுவந்து வைத்துப் படிக்கவேண்டிய கடமை இன்றைய வரலாற்றாசிரியருக்கு உண்டு.

கருவுற்ற மூன்றாவது வாரத்தில் தட்டையான திசுப் பட்டை ஒன்று மடிந்து குழாய் வடிவம் பெற்று, ஏறத்தாழ 28ஆம் நாளில் முற்றிலும் மூடிக்கொள்கிறது. நரம்புக் குழாய் எனப்படும் இதிலிருந்துதான் மூளையும் தண்டுவடமும் தோன்றுகின்றன. நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று ஒரு பெண் ஐயுறத் தொடங்கும் வேளையில் இந்த முதல் வேலை முடிவை நெருங்கியிருக்கும். அடுத்த மாதங்களில் நரம்பணுக்கள் பெருகித் தத்தம் இடங்களுக்கு நகர்கின்றன. கடைசி மூன்று மாதங்களில் மூளையின் எடை வேகமாகக் கூடுகிறது. பிறந்தபின் முதல் சில மாதங்களுக்கு வேண்டிய இரும்புச்சத்தையும் குழந்தை அப்போதுதான் தாயிடமிருந்து வாங்கிச் சேமித்துக்கொள்கிறது. ஆகவே தாய்க்கு எந்த மாதத்தில் எந்தக் குறை நேர்ந்தது என்பதைப் பொறுத்தே பிள்ளைக்கு நேரும் பாதிப்பும் அமைகிறது.

1909ஆம் ஆண்டின் ஆங்கில-சயாமிய உடன்படிக்கையால் கெடா சயாமின் மேலாண்மையிலிருந்து பிரிட்டனின் மேலாண்மைக்கு மாறியபோது, மலாயாவில் ரப்பர் நடவு பெருவேகத்தில் பரவிக்கொண்டிருந்தது. கூலிம், பாடாங் செராய், சுங்கைப்பட்டாணி, பீடோங், கோலக்கெட்டில், பாலிங் வட்டாரங்களின் மேட்டு நிலங்களில் காடு அழிக்கப்பட்டுத் தோட்டங்கள் எழுந்தன. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள் பினாங்கை ஒட்டிய ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்புக் காவலில் இருந்துவிட்டு இத்தோட்டங்களுக்குப் பிரித்தனுப்பப்பட்டார்கள். பீடோங்கிலிருந்து சிறிது தொலைவில் பூஜாங் பள்ளத்தாக்கின் பழங்கோயில் இடிபாடுகள் கிடக்கின்றன. கெடாவாகிய கடாரத்தைக் கொண்ட இராசேந்திர சோழனைத் தமிழர் ஆயிரம் ஆண்டு கடந்தும் பெருமையோடு நினைக்கிறார்கள். அதே மண்ணில் லயம் எனப்பட்ட வரிசைக் குடியிருப்பின் அறைகளில் பிள்ளை பெற்ற பெண்களுக்கும் அந்த நினைவில் ஓர் இடம் வேண்டும்.

அப்பெண்களுக்கு வந்த முதல் கேடு கண்ணுக்கு அழகான தெளிந்த நீரில் இருந்தது. மலையடிவாரக் காடு இருண்டு நின்றவரை அதன் ஓடைகள் ஓரளவு தீங்கற்றவையாக இருந்தன. மரங்களை வெட்டி வெயில் நேரே விழச் செய்தவுடன், கூழாங்கற்களிடையே மெல்லக் கசிந்தோடும் தூய நீரில் அனோபிலிஸ் மாக்குலேட்டஸ் என்னும் கொசு பெருகியது. மலாயாவின் மேட்டுநில மலேரியாவைப் பரப்பியது முதன்மையாக இக்கொசுவே. பெண்கள் குடம் நிரப்பியதும் துணி துவைத்ததும் பிள்ளைகளைக் குளிப்பாட்டியதும் அப்படிப்பட்ட ஓடைகளில்தான். 1901இல் கிள்ளானில் கொசு ஒழிப்பைத் தொடங்கிய மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர், சதுப்பு நிலத்துக்குப் பொருந்திய முறை மலைநிலத்துக்குப் பொருந்தாது என்று கண்டு, ஓடைகளை மண்ணுக்கடியில் குழாய் வழியே செலுத்தும் நிலத்தடி வடிகால் முறையையும் நீர்மேல் எண்ணெய் தெளிக்கும் முறையையும் பரவச் செய்தார். இதற்குப் பணம் செலவழித்த தோட்டங்களில் சாவு குறைந்தது. செலவழிக்காத தோட்டங்களில் காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்களத்தில் ஆளுக்கு ஆள் கொயினா மருந்தைப் புகட்டுவதோடு கடமை முடிந்தது.

மலேரியாக் கிருமி கருவுற்ற பெண்ணிடம் தனி வகையாக நடந்துகொள்கிறது. கிருமி புகுந்த சிவப்பணுக்கள் நச்சுக்கொடியில், அதாவது தாயின் இரத்தத்திலிருந்து குழந்தைக்கு உணவும் உயிர்வளியும் கடந்து செல்லும் உறுப்பில், ஒட்டிக்கொண்டு தேங்கிவிடுகின்றன. தாய் காய்ச்சலில்லாமல் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கையிலேயே உள்ளே குழந்தைக்குப் போகும் வழி அடைபடுகிறது. பிள்ளை எடை குறைந்து பிறக்கிறது, குறைமாதத்திலும் பிறக்கிறது. எடை குறைந்த பிறப்பு பிற்காலத்தில் கற்றலிலும் கவனத்திலும் தடங்கல் ஏற்படும் வாய்ப்பைக் கூட்டும் என்பது இன்று பல நாட்டு ஆய்வுகளில் நிலைபெற்ற முடிவு. அக்காலத் தோட்ட ஆவணங்களோ பிறப்பையும் இறப்பையும் எண்ணியதோடு நின்றுவிட்டன. பிழைத்த பிள்ளை எந்த நிலையில் பிழைத்தது என்பது அவற்றின் கணக்கில் வரவில்லை.

இரண்டாவது கேடு காலடி மண்ணில் இருந்தது. கழிப்பிட வசதியற்ற லயங்களைச் சுற்றியும் மரநிரைகளுக்கு இடையிலும் வெறுங்காலோடு நடந்தவர்களின் தோலைத் துளைத்துக் கொக்கிப்புழு உடலுக்குள் புகுந்து, குடலில் தங்கி நாள்தோறும் இரத்தத்தை உறிஞ்சியது. ராக்பெல்லர் அறக்கட்டளை 1915இல் சாமுவேல் டார்லிங் தலைமையில் அனுப்பிய குழு மலாயா, ஜாவா, பிஜி ஆகிய இடங்களில் கொக்கிப்புழுவையும் மலேரியாவையும் சேர்த்தே ஆராய்ந்தது, இரண்டும் ஒரே உடலில் கூடிச் சோகையை உண்டாக்குவதால்தான். கருவுற்றவளின் சோகை என்பது இரு உயிர்களின் சோகை. மூளையின் நினைவுப் பகுதியான ஹிப்போகாம்பஸ் வளர்வதற்கும், நரம்பிழைகளுக்குக் கொழுப்புறை அமைந்து செய்தி விரைவாகச் செல்வதற்கும் இரும்புச்சத்து இன்றியமையாதது. கருவிலோ கைக்குழந்தைப் பருவத்திலோ அது குறைந்தால், பின்னர் இரும்பு கொடுத்து இரத்தம் தேறிய பிறகும் மூளையில் அதன் தடம் எஞ்சக்கூடும்.

சோகையின் இன்னொரு வகையை விளக்கிய பெருமை இந்திய மண்ணில் நடந்த ஓர் ஆய்வுக்கு உரியது. லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர் 1928 முதல் பம்பாயிலும் பின்னர் குன்னூர், சென்னை ஆகிய இடங்களிலும் ஆராய்ந்து, ஏழைக் கர்ப்பிணிகளைக் கொன்றுவந்த கடுஞ்சோகை ஒன்று கிருமியால் வருவதில்லை, உணவுக் குறையால் வருகிறது என்று காட்டினார். மார்மைட் என்ற மலிவான ஈஸ்டுச் சாரத்தைக் கொடுத்து அதைக் குணப்படுத்தியதை 1931இல் வெளியிட்டார். ஈஸ்டிலிருந்த அந்தப் பொருள் 1941இல் பசலைக்கீரையிலிருந்து பிரிக்கப்பட்டு, இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லால் போலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. கருவுறுவதற்கு முன்பிருந்தே அதைக் கொடுத்தால் நரம்புக் குழாய் மூடாமல் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை பெருமளவு குறையும் என்பதை 1991இல் பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பன்னாட்டு ஆய்வு ஐயமற நிறுவியது. லயத்துக் கொல்லையில் நட்டு வளர்த்த முருங்கையின் கீரை போலிக் சத்தும் இரும்பும் நிறைந்தது. கூலிக் கணக்கில் எங்கும் இடம்பெறாத அந்த ஒரு மரம் எத்தனை தாய்மாரைத் தாங்கியிருக்கும் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

உணவைப் பற்றிப் பேசும்போது அரிசியை விரிவாகச் சொல்லவேண்டும். கெடாவின் வடபகுதி மலாயாவின் நெற்களஞ்சியம்; ஆயினும் அதன் தென்பகுதித் தோட்டங்களில் தமிழர் உண்டது பெரும்பாலும் பர்மாவிலிருந்து வந்த புழுங்கலரிசி. தமிழர் அதைப் பழக்கத்தாலும் வயிற்றுக்கு ஏற்றது என்ற நம்பிக்கையாலும் கேட்டு வாங்கினர். அதே காலத்தில் ஈயச் சுரங்கங்களில் தீட்டிய பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர்கள் பெரிபெரி நோயால், அதாவது கால் மரத்து, உடல் வீங்கி, இதயம் நின்றுபோகும் நோயால், ஆயிரக்கணக்கில் மடிந்தனர். பக்கத்திலேயே வாழ்ந்த தமிழரை அந்நோய் பெரிதும் தொடாததைக் கவனித்த பிராடன் என்ற மருத்துவர், காரணம் அரிசியில் இருப்பதாக 1907இல் எழுதினார். பிரேசர், ஸ்டான்டன் என்னும் ஆய்வாளர்கள் நெகிரி செம்பிலானில் சாலைத் தொழிலாளரிடையே நடத்திய சோதனைகள் அதை மெய்ப்பித்தன. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயாமின் என்ற சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுவதால், பிறகு தீட்டினாலும் அது முழுவதும் போவதில்லை. தமிழ்ப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த ஒரு வேலையின் பயனை அறிவியல் பின்னால் வந்து விளக்கியது.

தயாமின் குறைந்த தாயின் பாலைக் குடிக்கும் குழந்தை சில மாதங்களிலேயே திடீரென இறந்துபோகக்கூடும். பிழைக்கும் குழந்தையின் நிலை என்ன என்பதை 2003இல் இஸ்ரேலில் நேர்ந்த ஒரு விபத்து காட்டியது. தயாமின் விடுபட்டுப்போன ஒரு சோயாப் பால்மாவைச் சில மாதங்கள் மட்டுமே குடித்த குழந்தைகளுள், வெளித்தோற்றத்தில் நோயே தெரியாதிருந்தவர்கள் பலருக்கும் பிற்காலத்தில் மொழித்திறன் குன்றியிருந்தது. புழுங்கலரிசி தோட்டத் தமிழருக்கு அளித்த காப்பின் மதிப்பை இதிலிருந்து அறியலாம். கருவாடும் நெத்திலியும் இதே வகையைச் சேர்ந்தவை. தஞ்சோங் டாவாய் போன்ற கரையோர ஊர்களில் உலர்த்தப்படும் நெத்திலி அயோடின் தருவது. கருவில் அயோடின் குறைந்தால் தைராய்டுச் சுரப்பு குன்றி மூளை வளர்ச்சி நிரந்தரமாகத் தடைபடும். தடுக்கக்கூடிய மூளைச் சேதத்துக்கு உலகில் மிகப் பரவலான காரணம் அதுவே என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

இனி வேலை. விடியுமுன் பெரட்டுக்கு எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பட்டையின் ஈரம் காயுமுன் நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவி முடிக்கவேண்டும். வெட்டுக்கோடு தாழ்ந்திருக்கும் மரத்தில் குனிந்தோ மண்டியிட்டோதான் சீவ முடியும். நிறைமாத வயிற்றோடு ஒவ்வொரு மரத்தடியிலும் குனிந்து நிமிர்வதே ஒரு தனி வேலை. பிறகு மங்குகளிலிருந்து பாலை வாளியில் ஊற்றி, இரண்டு வாளிகளைக் காண்டாக் கம்பின் இருமுனையிலும் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து, சரிவில் இறங்கி நிறுவைக்கு வரவேண்டும். இத்தனைக்கும் 1920களின் இறுதியில் மலாயாவின் எளிதில் சென்றடையக்கூடிய பகுதிகளுக்கு வகுக்கப்பட்ட தரக்கூலி நாளொன்றுக்கு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930இல் தொடங்கிய பொருளாதார மந்தத்தில் அதுவும் வெட்டப்பட்டது. கூலி குறைந்தால் முதலில் குறைவது பெண்ணின் தட்டு என்பது எந்த ஏழை வீட்டிலும் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் மலாயாவின் தொழிலாளர் சட்டங்களில் பேறுகாலப் படியும் குழந்தைக் காப்பகமும் இடம்பெற்றன. ஆயாக்கொட்டகை என்று தோட்ட மக்கள் அழைத்த காப்பகத்தில், உத்தரத்திலிருந்து வரிசையாகத் தொங்கிய ஏணைகளில் கைக்குழந்தைகளைக் கிடத்திவிட்டுத் தாய்மார் நிரைக்குப் போனார்கள். வேலைக்கு ஆகாத ஒரு மூதாட்டி அத்தனை ஏணைகளையும் மாறி மாறி ஆட்டினாள். இந்த ஏற்பாடுகளின் பின்னே ஒரு கணக்கும் இருந்தது. நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் நிறைய ஆள் வந்துகொண்டிருந்தவரை, லயத்தில் பிறக்கும் பிள்ளை முதலாளிக்குத் தேவைப்படவில்லை. பிள்ளைப்பேறு அவருக்கு இழந்துபோன வேலைநாள்களாகவே தெரிந்தது. 1936 இறுதியில் வந்து தோட்ட நிலைமையை ஆராய்ந்த சீனிவாச சாஸ்திரியின் அறிக்கைக்குப் பிறகு, 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்தது. அன்றுமுதல் அடுத்த தலைமுறைத் தொழிலாளி லயத்திலேயே பிறந்தாக வேண்டியதாயிற்று.

அந்தத் தலைமுறை பிறந்த காலம் பஞ்சகாலமாக அமைந்தது மலாயாத் தமிழரின் பெருந்துயரம். ஜப்பானியர் ஆட்சியில் பர்மா அரிசி நின்றது. மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. அது வயிற்றை நிரப்புமேயன்றிப் புரதமோ தயாமினோ போதிய அளவில் தராது. ஆண்கள் சயாம் மரண ரயில் பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்டார்கள், பலர் திரும்பவில்லை. 1943 அக்டோபரில் கெடா சயாமிடம் ஒப்படைக்கப்பட்டது. கணவன் உயிரோடிருக்கிறானா என்று தெரியாமல், கிழங்கைத் தின்று, கொயினாவும் கிடைக்காமல் கர்ப்பம் தாங்கிய பெண்களின் கதையை அன்று யாரும் பதிவேட்டில் எழுதவில்லை.

அதே ஆண்டுகளில் நெதர்லாந்தில் நேர்ந்த பஞ்சம் துல்லியமாகப் பதிவானது. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியர் உணவு வரத்தைத் தடுத்ததால் பட்டினி கிடந்த தாய்மாரின் பிள்ளைகளை ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகள் தொடர்ந்தனர். பஞ்சத்தின் உச்சத்தில் கருவானவர்களிடம் நரம்புக் குழாய்க் குறைகள் கூடின. பிற்காலத்தில் மனச்சிதைவு நோயும் ஏறத்தாழ இருமடங்காயிற்று. ஆனால் ஜீனா ஸ்டைன் குழுவினர் 1972இல் ஏறத்தாழ 125,000 இளைஞர்களின் இராணுவத் தேர்வுப் பதிவுகளை ஆராய்ந்தபோது, பஞ்சத்தில் கருவிலிருந்தவர்களின் அறிவுத்திறன் 19 வயதில் மற்றவர்களைவிடக் குறைந்திருக்கவில்லை. பஞ்சம் சில மாதங்களில் முடிந்து, நல்ல உணவும் பள்ளியும் மருத்துவமும் உடனே திரும்பியதை இதனோடு சேர்த்தே படிக்கவேண்டும். தோட்டப் பிள்ளைகள் படிப்பில் பின்தங்கியபோது அதைப் பிறவிக் குணமென்றும் சாதிக் குணமென்றும் பேசிய பேச்சு இருந்தது. இன்றும் முற்றிலும் ஓயவில்லை. அது அறிவியலுக்கும் நீதிக்கும் புறம்பானது. மூளை வளைந்துகொடுக்கும் உறுப்பு. கருவில் நேர்ந்த குறையை நல்ல சூழல் பெரிதும் ஈடுசெய்யும். தோட்டப் பிள்ளைக்குப் பஞ்சம் முடிந்த பிறகும் அந்தச் சூழல் வாய்க்கவில்லை என்பதே குற்றச்சாட்டாக நிற்கவேண்டியது.

போர் முடிந்தவுடன் அந்தச் சூழலை மாற்றத் துணிந்த இயக்கம் கெடாவிலிருந்தே எழுந்தது. பீடோங் அருகே ஹார்வர்ட் தோட்டத்தைச் சேர்ந்த ஏ. எம். சாமியின் தலைமையில் திரண்ட தொண்டர் படை கள்ளுக்கடை மறியலைத் தன் முதன்மைப் போராட்டமாகக் கொண்டது. 1947இல் பீடோங் வட்டாரத்தில் காவல்துறையோடு மோதல்கள் நேர்ந்து, படை ஒடுக்கப்பட்டது. வரலாற்று நூல்கள் இதைத் தொழிற்சங்க எழுச்சியாகவும் சமூகச் சீர்திருத்தமாகவும் பார்க்கின்றன. சம்பள நாளில் கள்ளுக்கடைக்குப் போன காசு கர்ப்பிணியின் பருப்பும் மீனும் பாலுமாக வந்திருக்கவேண்டிய காசு; குடித்து வந்த கை ஓங்கிய இடத்தில் வயிற்றுப் பிள்ளையும் இருந்தது. ஆகையால் தொண்டர் படையைத் தாய்நல இயக்கமாகவும் கொள்வது தகும்.

நாட்டு விடுதலையை ஒட்டி மலாயாவின் கிராம மருத்துவத்தில் ஏற்பட்ட மாற்றத்தின் விதையும் கெடாவில்தான் விழுந்தது. 1953இல் ஜித்ராவில் கிராமச் சுகாதாரப் பயிற்சிப் பள்ளி தொடங்கி, மருத்துவச்சிகளையும் செவிலியரையும் உருவாக்கியது. 1956இல் வகுக்கப்பட்ட கிராமச் சுகாதாரத் திட்டம் 50,000 பேருக்கு ஒரு பெரிய நிலையம், 10,000 பேருக்கு ஒரு துணை நிலையம், 2,000 பேருக்கு ஒரு மருத்துவச்சி என மூன்றடுக்காகப் பரவியது. 1957இல் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்கு ஏறத்தாழ 280 என்றிருந்த தாய்மார் இறப்பு 1980க்குள் 100க்கும் கீழே இறங்கியது. மலேசியாவும் இலங்கையும் இதில் உலகுக்கு முன்மாதிரிகளாயின. ஆனால் தோட்டம் தனியார் நிலம், அங்குள்ளோரின் மருத்துவம் முதலாளியின் பொறுப்பு என்ற கொள்கையால், அரசு மருத்துவச்சியின் கால் நெடுங்காலம் தோட்ட எல்லையில் நின்றது. கம்பத்து, அதாவது கிராமத்து, தாய்க்குப் பயிற்சிபெற்ற மருத்துவச்சி வீடு தேடி வந்த ஆண்டுகளில், ஒன்றிரண்டு மைல் தள்ளி லயத்துத் தாய் தோட்ட மருந்தகத்தின் உதவியாளரான டிரஸ்ஸரையும் கைராசிக்காரப் பாட்டியையும் நம்பியிருந்தாள். ஒரே மாநிலத்துக்குள் இப்படி இரு தாய்மைகள் இருந்தது மன்னிக்கக்கூடிய தவறல்ல.

வேலைச் சட்டமும் மெல்லவே நகர்ந்தது. 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நெடுங்காலம் 60 நாளாக இருந்த மகப்பேறு விடுப்பு 2023 ஜனவரி 1 முதல்தான் 98 நாளாயிற்று. இதற்கிடையே பால்வெட்டை விட்டு மருந்தடிக்கும் வேலைக்குப் பெண்கள் பெருமளவில் மாற்றப்பட்டார்கள். முதுகில் தொட்டியைச் சுமந்து, பாரகுவாட் முதலிய களைக்கொல்லிகளைத் தெளித்த அவர்களின் நிலையை ஐரீன் பெர்னாண்டஸ் தலைமையிலான தெனாகனித்தா அமைப்பு 2002இல் அறிக்கையாக வெளியிட்டது. பாரகுவாட் அவ்வாண்டு தடைசெய்யப்பட்டு, 2006இல் தடை தளர்ந்து, 2020 முதல் மீண்டும் தடைசெய்யப்பட்டுள்ளது. பூச்சிக்கொல்லி கருவின் மூளையைத் தொடும் என்பதற்கு வலுவான சான்று கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கிலிருந்து கிடைத்தது: அங்குள்ள பண்ணைத் தொழிலாளர் குடும்பங்களில், கர்ப்பகாலத்தில் ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லி உடலில் மிகுந்திருந்த தாய்மாரின் பிள்ளைகள் ஏழு வயதில் அறிவுத்திறன் சோதனையில் குறைந்த மதிப்பெண் பெற்றதை 2011இல் வெளியான ஆய்வு காட்டியது.

இன்று சுங்கைப்பட்டாணியைச் சுற்றியிருந்த தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. தோட்டத்துப் பேத்திகள் அரசு மருத்துவ நிலையத்தில் பதிந்து, இரும்பு மாத்திரையும் போலிக் அமிலமும் பெற்று, ஆபத்தின் அளவைக் காட்டும் வண்ணக் குறியிட்ட பதிவுப் புத்தகத்தோடு வருகிறார்கள். பழைய சோகையோடு கர்ப்பகால நீரிழிவும் இந்தியப் பெண்களிடையே மிகுந்திருப்பதால், பதிவதை மூன்றாம் மாதம்வரை தள்ளிப்போடாமல் முதல் வாரங்களிலேயே போவது ஒவ்வொரு குடும்பமும் கைக்கொள்ளவேண்டிய வழக்கம். எஞ்சிய தோட்டங்களிலோ பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வேலை செய்கிறார்கள். அவர்களுள் பெண்களுக்கு நடத்தப்படும் கட்டாய மருத்துவச் சோதனையில் கர்ப்பமும் பார்க்கப்படுகிறது. கருவுற்றிருப்பது தெரிந்தால் அவள் வேலைக்குத் தகுதியற்றவளாகி, அனுமதிச் சீட்டை இழந்து, ஊருக்குத் திருப்பி அனுப்பப்படுகிறாள்.